நாற்பத்திரண்டு

கிளட்சை விட்டதும் ஒரு தட்டு.
ஒரே ஒரு தட்டு, பிறகு வண்டி நகரும்.
மோஸ்தா சிக்னலில் நிற்கையில்
கியர் கம்பி தலையாட்டிக்கொண்டே இருக்கும்,
நான் கேட்காததற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று.

"எஞ்சினைப் பிடிக்கிற புஷ் போயிடுச்சு" என்றார் நஸ்ஸரேனு.
பானெட்டுக்குள் ஒரு கையை விட்டு
எஞ்சினை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார்,
ஆடும் பல்லைக் காட்டும் பிள்ளையின் பெருமையோடு.

குறுக்கே ஒரு கம்பி.
ஒரு முனை எஞ்சினில், மறு முனை தடுப்புத் தகட்டில்.
முனைக்கு இரண்டு புஷ், ஆக நான்கு.
நான்கையும் ஒரு உள்ளங்கையில் மூடிவிடலாம்.
இதற்குத்தான் நானும் தம்பி விஸ்தினும்
பதினோரு நாள் பேசாமல் இருந்தோம்.

கடுகு மஞ்சள் மினி. எழுபத்தாறாம் வருடத்தது.
பாதிப் பணம் அவன், பாதிப் பணம் நான்.
ஞாயிறு அவனுடையது:
இம்தாஹ்லெப் மேட்டில் நொடிமுள்ளோடு மல்லுக்கட்டுவான்.
மற்ற ஆறு நாளும் எனக்கு.
பின்சீட்டைக் கழற்றிவிட்டு
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை ஏற்றுவேன்,
ஓர்மியிலிருந்து நாஷ்ஷார் வரை,
ஆகஸ்ட் வெயிலில், மாநகராட்சி மறந்த குழிகளின் வழியே.

அவனுக்கு பாலியூரித்தேன் வேண்டும்.
சிவப்பு, கல் மாதிரி. பத்தொன்பது யூரோ.
"எஞ்சின் இம்மி அசையக் கூடாது, மார்தீஸ்."
எனக்கு ரப்பர்.
கறுப்பு, மலிவு, எண்ணெய் பட்டால் ஊதும்,
வெயிலில் வெடிக்கும், தெரியும்.
அசையட்டுமே, கேக்குக்குத் தெரியாமல் அசையட்டும்.
கெட்டிப் புஷ் போட்டால் எஞ்சின் அடங்கிவிடும்,
நடுக்கம் அடங்காது.
தகட்டில் ஏறும், ஸ்டீயரிங்கில் ஏறும்,
என் பல்லில் ஏறும்,
கடைசியில் சர்க்கரை ரோஜாவின் இதழ் ஒன்று
மணமகள் மாமியின் கண்ணெதிரே உதிரும்.

கடைக்காரன் கடினத்துக்கு எண் சொன்னான்:
அறுபது, எழுபது, எண்பது.
பொறுமைக்கும் இப்படி ஓர் எண் போட்டு
பிறக்கும்போதே முத்திரை குத்தியிருந்தால்
எவ்வளவு சௌகரியம்.

பன்னிரண்டாம் நாள் இருவரும் போனோம்.
அவன் பையில் சிவப்பு. என் பையில் கறுப்பு.
நஸ்ஸரேனுவுக்குச் சாப்பாட்டு நேரம், அவசரம்.
போல்ட்டைத் தளர்த்தினார், கம்பி வந்தது.
எஞ்சின் பக்கத்தில் பழைய ரப்பர், கருவாடாய்க் காய்ந்து.
தகட்டுப் பக்கத்தில்
புஷ்ஷே இல்லை.
கத்தியால் வட்டமாய்ச் செதுக்கிய இரண்டு தடித்த துண்டுகள்.
ஒன்றைத் திருப்பினார்.
அச்சில் வார்த்த எழுத்தில்: நாற்பத்திரண்டு.

"இது ஷூ குதிகால்" என்றார்.

விஸ்தின் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன், பந்தயத்துக்கு முந்தின இரவு,
கடையெல்லாம் மூடியிருந்ததாம்.
திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்றிருந்தானாம்.
எத்தனை திங்கட்கிழமை!
நூற்றுச் சொச்சம் கேக்குகள்
என் தம்பியின் வலது குதிகாலில் நின்று
ஊர்வலம் போயிருக்கின்றன.
ஒன்றுகூடச் சாயவில்லை என்பதை
அன்று நான் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

எஞ்சின் பக்கம் கறுப்பு, தகட்டுப் பக்கம் சிவப்பு.
யார் சொன்னது என்று நினைவில்லை.
நஸ்ஸரேனுவின் பசிதான் சொல்லியிருக்க வேண்டும்.
மிச்சம் இரண்டு சிவப்பு அவனிடம்,
இரண்டு கறுப்பு என் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில்.

தட்டு நின்றுவிட்டது.
கண்ணாடி மட்டும் லேசாய் நடுங்குகிறது,
பின்னால் வரும் பேருந்து இரண்டாய்த் தெரிகிறது.
மேட்டில் முக்கால் நொடி குறைந்ததாம், சொல்லிக்கொள்கிறான்.

நேற்றிலிருந்து
இடது சக்கரப் பக்கம் ஒரு கீச்சு.
அவனிடம் கேட்கவில்லை.
படியேறும்போது பின்னாலிருந்து குனிந்து பார்த்தேன்:
இரண்டு குதிகாலும் இருக்கின்றன.